பெரியவளுக்கு வைத்த வேலை

அந்த வீட்டில் பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்தாலும் எடுப்பார்கள், எடுக்காமலும் போவார்கள். வேலை கொடுப்பது மட்டும் தவறாது.

முன்னறை லாண்டரிக் கடை. நடுவில் ஓர் அறை குடித்தனத்துக்கு. பின்பக்கம் துவைக்கிற தொட்டி, கஞ்சி காய்ச்சுகிற அடுப்பு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள். முன்னேயும் வேலை, பின்னேயும் வேலை, நடுவில் சோறும் தூக்கமும். இப்படியொரு வீட்டில் பிள்ளைகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? மூத்த மகளுக்கு ஐந்து வயது நிரம்பிய அன்று லாண்டரிக்காரர் அவளைத் தூக்கி இஸ்திரி மேசைமேல் உட்கார வைத்து, "இன்னையிலேருந்து கொடி கிளிப்பெல்லாம் உன் பொறுப்பு. கீழ விழுந்தா நீதான் பொறுக்கி டப்பால போடணும். வேற யாரும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன்" என்று சொன்னார். அன்றைக்கு முழுவதும் அவள் கிளிப் டப்பாவைக் கட்டிக்கொண்டே திரிந்தாள். சோறு உண்ணும்போதும் அது மடியில் இருந்தது.

அப்படித் தொடங்கியது வழக்கம். ஆறு வயதில் காலுறைகளுக்கு ஜோடி சேர்ப்பது. ஏழில் தலையணை உறைகளைப் புரட்டுவது. எட்டில் அழுக்குச் சட்டைகளின் பைகளைத் துழாவுவது. அந்த ஒரு வருடம் தெருவில் யார் பையில் என்ன இருக்கிறது என்பது பெற்றவர்களுக்குத் தெரியுமோ இல்லையோ, அவளுக்குத் தெரியும். ஒன்பதில் துணிகளுக்குக் குறி போடுகிற மை. பத்தில் கைக்குட்டை மடிப்பு. பதினொன்றில் சின்ன இஸ்திரிப் பெட்டியும் கைக்குட்டைகளும். பன்னிரண்டு வந்தால் கஞ்சி. துணிக்குப் போடுகிற கஞ்சியைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, பானையை இறக்கி, தொட்டியில் ஊற்றுவது. அது பெரிய மனுஷி வேலை. அதற்காக அவள் ஏங்கிக் கிடந்தாள்.

"அம்மா, பதினொண்ணரைக்குக் குடுக்கக் கூடாதா?"

"பதினொண்ணரைக்கு அரைப் பானைதான் தூக்க முடியும். போடி, போய்க் கைக்குட்டையப் பாரு."

கொடுத்த வேலையைத் திரும்ப வாங்குவதில்லை, ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். அதில் அடிபட்டது சின்னதுதான், இளைய மகள். எல்லாரும் அதைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். பொடிசுக்கு ஐந்து வயது வந்தபோது கிளிப் டப்பாவைக் கேட்டார் அப்பா. பெரியவள் தர மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பொடிசுக்கு வாசலில் செருப்பு அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். அது இடதை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் வைத்தது. ஆறில் கடைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிற வேலை. பாதித் தண்ணீர் வழியிலேயே போயிற்று. இது துரும்பைக்கூட நேராக எடுத்து வைக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லியே அது வீட்டுப் பழமொழியாகிவிட்டது. பொடிசும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்கா பின்னாலேயே வால் மாதிரி திரிந்து, அக்கா செய்வதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு லாண்டரியம்மா துணி தேய்த்தாள், சோறு பொங்கினாள், கடைக்கு வந்தவர்களுக்கு மீதிச் சில்லறை கொடுத்தாள். எல்லாம் கை செய்தது. மனுஷி எங்கேயோ இருந்தாள். பெரியவளின் வேலைகளை மட்டும் அவள் தொடவில்லை, தொட விடவுமில்லை. ஒற்றைக் காலுறைகள் கூடையில் குவிந்தன. கைக்குட்டைகள் கசங்கியபடி கிடந்தன. ஒருநாள் பொடிசு கீழே கிடந்த கிளிப்பைப் பொறுக்கி டப்பாவில் போட்டது.

"வை கீழ" என்றாள் அம்மா.

பொடிசு விழித்தது.

"எடுத்த இடத்துலயே வை. அது அக்கா வேலை."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். பொடிசு டப்பாவிலிருந்து கிளிப்பை எடுத்து மண்ணில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது.

நடுவில் அதற்கு ஏழாவது பிறந்தநாளும் வந்தது. காலையிலேயே எழுந்து, தானாகவே ஒரு முக்காலியைப் போட்டு இஸ்திரி மேசைமேல் ஏறி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அப்பா தண்ணீர் வாளியோடு வந்தார். "பெட்டி சூடா இருக்கு, இங்கெல்லாம் உக்காராத கண்ணு" என்று அதை இறக்கி விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவருக்கு நினைவில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அந்த வீட்டில் அப்போது யாருக்கும் எந்த நாளும் நினைவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் கணவனும் மனைவியும் தள்ளுவண்டியில் வெளுத்த துணிகளை ஏற்றிக்கொண்டு லாட்ஜுக்குப் போவார்கள். அந்த நேரத்துக்குப் பொடிசைப் பக்கத்து வீட்டுப் பட்டன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். லாண்டரிக்கு வருகிற சட்டைகளில் விட்டுப்போன பட்டன்களைத் தைத்துக் கொடுப்பவள் அவள். ஒருநாள் லாட்ஜிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது, கூடையிலிருந்த காலுறைகள் எல்லாம் ஜோடி சேர்ந்திருந்தன. வெறும் ஜோடி இல்லை. ஒன்றின் வாயை மற்றதன்மேல் புரட்டிப் போட்டதில், நுனி மட்டும் நாக்கு நீட்டின மாதிரி வெளியே தெரிந்தது. அந்தச் சேட்டை பெரியவளுடையது.

லாண்டரியம்மா கூடையின் முன் உட்கார்ந்துவிட்டாள். கணவர் வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. அவள் நேராகப் பட்டன் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"என்ன லாண்டரியம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னு சொல்ற முகமா இது? சொல்லு."

"நாங்க போனப்புறம் எங்க வீட்டுக்குள்ள யாராவது போனாங்களா?"

"யாரு போவா? நான் இங்க ஜன்னலோரம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா போகல."

"பொடிசு?"

"அது என் காலடியில உக்காந்து நூல் வெட்டிக் குடுத்துச்சு. ஏன், எதையாவது காணோமா?"

"காணோம்னு இல்லக்கா."

பட்டன் அக்கா பொய் சொல்லுகிறவள் அல்ல. ஆனால் சோறு உள்ளே போய்ச் சற்று நேரம் ஆகிவிட்டால், ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்த இடத்தில் தூங்கக்கூடியவள். தான் தூங்கினோம் என்பது அவளுக்கே தெரியாது. விழித்ததும் விட்ட தையலிலிருந்து தொடர்வாள். லாண்டரியம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னா சிரிக்கக் கூடாது. ஆசை தீராம போனவங்களுக்கு விட்ட வேலைய விட்டுட்டுப் போக மனசு வராதாம். எங்க பெரியப்பா கடிகாரக் கடை வச்சிருந்தாரு. அவர் போனதுக்கு அப்புறம் ஒரு மாசம் கடையில அத்தனை கடிகாரமும் டாண் டாண்னு ஓடுச்சு."

"நெசமாவா?"

"அவர் இருந்தவரைக்கும் ஒண்ணுகூட ஓடலம்மா, அதனாலதான் சொல்றேன்."

வேறொரு சமயமாக இருந்தால் லாண்டரியம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அது வேதவாக்காகப் பட்டது. தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்குத் துரும்பு என்ன, தூண் என்ன?

மறுநாள் புறப்படும் முன் தலையணை உறைகளை அடுக்கி, தொட்டியோரம் வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தபோது அவ்வளவும் புரட்டி வைக்கப்பட்டிருந்தன, மூலைகளை விரல் விட்டுக் குத்திக் கூராக்கியும் இருந்தது. அவள் ஒரு உறையை முகத்தில் வைத்து முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. பெரியவளிடமும் எப்போதும் சோப்பு வாசனைதான் வரும். ஆகவே அதுவும் சாட்சியாயிற்று.

அதன் பிறகு தினமும் ஒரு வேலை எடுத்து வைத்தாள். மேசையைத் துடைத்து, துணியை நேர்த்தியாக அடுக்கி, ஆள் இல்லாத அறையைப் பார்த்து, "இன்னைக்கு இதப் பாரு. அவசரப்படாத, மெதுவா செய்" என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் சட்டென்று கதவைத் திறக்க மாட்டாள். வாசலில் நின்று இருமுவாள். உள்ளே இருப்பவள் போவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் இல்லையா? பார்த்துவிட்டால் அடுத்த நாள் வராமல் போய்விடுவாளோ என்று அவளுக்குப் பயம். செத்தவள் வருகிறாளே என்ற பயம் ஒரு துளியும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாய் பயப்படுவாள்?

வீடு சற்று வெளிச்சமானது. லாண்டரியம்மா தலை வாரினாள். தட்டில் போட்ட சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள். கைக்குட்டைகள் அடுக்கடுக்காகத் தயாராவதைப் பார்த்த லாண்டரிக்காரர், மனைவி மறுபடியும் வேலையில் கை வைக்கத் தொடங்கிவிட்டாள், மனது தேறி வருகிறது என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் எங்கே பழையபடி ஆகிவிடுவாளோ என்று கேட்கவும் இல்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் வருகிற கேடு கொஞ்சமா?

பொடிசு மட்டும் ஒருநாள் கேட்டது.

"அம்மா, இன்னைக்கு அக்கா வந்தாளா?"

அவள் திடுக்கிட்டாள். "உனக்கு யாரு சொன்னா?"

"நீ பேசிக்கிட்டு இருந்தியே, கேட்டுச்சு."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வந்தா."

"நல்லா செஞ்சாளா?"

"அவளுக்குச் சொல்லியா குடுக்கணும்? பாரு, ஒரு சுருக்கம் இருக்கா?"

பொடிசின் முகம் மலர்ந்துபோனது. அக்கா வருவதில் அதற்குத்தான் எத்தனை சந்தோஷம் என்று தாய் நினைத்தாள். அதன் மணிக்கட்டில் நீளமாக ஒரு செம்பழுப்புத் தழும்பு இருந்தது. என்னடி என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடத்தில் விழுந்தேன் என்றது. விழுந்தால் சிராய்க்கும், இப்படிக் கோடு விழாது. பெட்டி சுட்ட தழும்பைத் தேய்ப்பு வேலை செய்கிறவள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வாள், அவள் கைகளிலேயே அப்படி எத்தனை இருக்கின்றன. ஆனால் அவள் பார்வை பொடிசைத் தாண்டி, கைக்குட்டை அடுக்கின்மேல் இருந்தது.

பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது நிரம்புகிற நாள் வந்தது.

காலையிலேயே லாண்டரிக்காரர் துவைக்க இறங்கிவிட்டார். தொட்டியில் துணியை வழக்கத்தைவிடப் பலமாக அடித்துத் துவைத்தார். அவளோ சுறுசுறுப்பாக இருந்தாள். லாண்டரியின் பெரிய பானையைத் தேய்த்துக் கழுவினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடிசுக்குச் சோறு போட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னாள். பானையில் தண்ணீர் ஊற்றி, கஞ்சி மாவைக் கரைத்து, அடுப்பைச் சிறிதாக எரிய விட்டாள். துடுப்புக் கட்டையைக் குறுக்கே வைத்தாள். பானையின் காதைப் பிடிக்க இரண்டு துணிகளை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். வாசற்படியில் செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்த பொடிசை அவள் கவனிக்கவில்லை.

"பன்னெண்டு ஆச்சு உனக்கு" என்றாள் அடுப்பங்கரையைப் பார்த்து. "இன்னையிலேருந்து கஞ்சி உன் பொறுப்பு. கொதி வந்ததும் கைய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கட்டி தட்டிடும். காய்ச்சி இறக்கித் தொட்டியில ஊத்திடு. வேற யாரும் தொட மாட்டோம்."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

டயர்க் கடை தாண்டி ஏற்றம். கணவர் முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ளினாள். பாதி ஏற்றத்தில் அவர் கேட்டார்.

"கஞ்சி வாசனை வந்துச்சே. அடுப்ப அணைச்சியா?"

"இல்ல."

"அணைக்கலையா? அடி பிடிச்சுடாது?"

"பிடிக்காது. பாத்துக்க ஆள் இருக்கு."

"எந்த ஆளு?"

அவள் வண்டியை இன்னும் கொஞ்சம் உந்தித் தள்ளினாள். பிறகு, "உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். பெரியவ வந்துட்டுப் போறா" என்றாள். "தெனமும் வர்றா. அவ வேலையெல்லாம் அவதான் செஞ்சு வைக்கிறா. இன்னைக்கு அவளுக்குப் பன்னெண்டு. அதான் கஞ்சிய வச்சுட்டு வந்தேன்."

அவர் கோபப்படவில்லை. வண்டியின் கைப்பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் காலுறையெல்லாம் நீ ஜோடி போடலையா?"

"இல்லீங்க."

"கைக்குட்டை?"

"அவதான். கோணல் இல்லாம தேய்ச்சு, குறி வெளிய தெரியற மாதிரி மடிச்சு. வேற யாருக்கு அது வரும்?"

"நீ தேய்க்கிறன்னுல்ல நினைச்சேன்."

"நான் தொடவே இல்ல."

"நானும் தொடல." அவர் நின்றுவிட்டார். "அப்போ வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அதத்தான் சொல்றேன். பெரியவ."

"சின்னவ இருக்காளே" என்றார்.

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினார். அவள் விலகிக்கொள்ள, வண்டி பின்னால் உருண்டு சாக்கடையோரம் சாய்ந்தது. வெளுத்து வைத்த லாட்ஜ் விரிப்புகள் புழுதியில் விழுந்து பிரிந்தன. அவள் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது காதில் விழுந்துவிட்டது, உள்ளே இறங்கத்தான் நேரமாயிற்று. இறங்கியதும் அவளும் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

அவர் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். அவள் முன்வாசல் வழியாக நுழைந்தாள். கடை, நடு அறை, அதைத் தாண்டிப் பின்கதவு. கதவு திறந்திருந்தது. அடுப்பைப் பெரிதாக்கியிருந்ததால் பின்கட்டு முழுக்க ஆவி. அந்த ஆவிக்குள், சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, பெரியவள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. பெரியவள் வேலை செய்யும்போது கட்டுகிற நீல முன்துணி. பெரியவள் போடுகிற மாதிரி உச்சியில் தூக்கிப் போட்ட கொண்டை. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, "நிறுத்தாத, நிறுத்தாத" என்று முணுமுணுத்துக்கொண்டு கிண்டினாள்.

லாண்டரியம்மாவுக்குத் தெரியும், அது யார் என்று அந்தக் கணம் நன்றாகவே தெரியும். இருந்தாலும் அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் பொடிசாகிவிடுவாள். இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு மூச்சு நேரம், அவள் பெரியவளாகவே நிற்கட்டும் என்று அந்தத் தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிற்பாடு எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு மட்டும் அவளுக்கு யாராலும் ஆறுதல் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, மடித்து வைத்த துணிகளால் பானையின் காதுகளைப் பிடித்தாயிற்று. பானை அடுப்பிலிருந்து கொஞ்சம் எழும்பியது. சோப்புப் பெட்டி ஆடியது.

லாண்டரிக்காரர் சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரே எட்டில் பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்தார். பானை கவிழ்ந்தது. கஞ்சி பெரும்பாலும் அடுப்புக்கு அந்தப் பக்கம் போனது. மிச்சம் பிள்ளையின் இடது பாதத்திலும் அவர் முன்கையிலும் விழுந்தது. வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இடத்திலேயே இருந்து வேகவைக்கும். அவர் பிள்ளையோடு தொட்டிக்குள்ளேயே இறங்கிக் குழாயைத் திறந்துவிட்டார். பொடிசு கத்திய கத்தலில்தான் பட்டன் அக்கா விழித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டுப் போட்டபடியே கேட்டார்.

"யாரு பிள்ளைய அடுப்புக்கிட்ட விட்டது?"

"நான்தான்" என்றாள் லாண்டரியம்மா.

"என்ன வயசு?"

"பன்னெண்டு."

டாக்டரம்மா கையை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார், பிறகு தாயைப் பார்த்தார்.

"ஏழு" என்றார் லாண்டரிக்காரர். "இதுக்கு ஏழு வயசுங்க."

வீட்டுக்கு வந்து பாயில் படுக்க வைத்ததும் பொடிசு கேட்ட முதல் கேள்வி, "கஞ்சி கட்டி தட்டிடுச்சாம்மா?" என்பது.

"இல்லடி, தட்டல."

"நான் நிறுத்தவே இல்ல."

"எதுக்குடி செஞ்ச? கேட்டிருக்கக் கூடாதா?"

"நான் செஞ்சா கீழ வைன்னு சொல்ற. அக்கா செஞ்சா சிரிக்கிற." பொடிசு பாயின் ஓரத்தைப் பிய்த்தது. "அக்கா வந்த அன்னைக்கு நீ சோறு சாப்பிட்ட."

"பட்டன் அக்கா உன்னைப் பாக்கலையா?"

"அவங்கதான் தூங்கிடுவாங்களே. நீ வந்து வாசல்ல இருமுவ. அப்போ பின்பக்கமா ஓடிப் போய் அவங்ககிட்ட உக்காந்துக்குவேன்."

லாண்டரியம்மாவுக்கு எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. தன் இருமலை அவள் மகளுக்குச் சொல்கிற சேதி என்று நினைத்திருந்தாள். சேதி மகளுக்குத்தான் போயிருக்கிறது.

"கால் சரியானதும் அக்கா மறுபடி வருவா, என்னம்மா?" என்றது பொடிசு. தாயைத் தேற்றுகிற குரலில் சொன்னது. அவளால் வருவாள் என்றும் சொல்ல முடியவில்லை, வர மாட்டாள் என்றும் சொல்ல முடியவில்லை. அதன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விரிப்புகளையெல்லாம் மறுபடி துவைத்து, லாட்ஜ்காரர்களிடம் கைகட்டி நின்று வசவு வாங்கி வந்த பிறகு லாண்டரிக்காரர் மனைவியிடம் பேசினார். கையில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான். அதுக்கு ஏழு வயசு ஆச்சு, நான் மறந்துட்டேன். அந்த வயசுக்கு ஒரு வேலை குடுத்திருக்கணும்."

"அதுக்குப் போய் வேலை குடுக்கறதப் பத்திப் பேசறீங்களே, காலு இப்படி இருக்கறப்போ."

"வேலை குடுத்ததாலயா சுட்டுச்சு? குடுக்காம விட்டோம், அது தானா ஒண்ண எடுத்துக்கிச்சு. தானா எடுத்தா பிள்ளைக்கு அளவு தெரியுமா? எல்லாம் பெரியவ அளவுலதான் எடுக்கும்."

"அவ வேலையெல்லாம் அப்படியே கிடக்கே, அத என்ன பண்றது?"

"கிடக்கட்டும்" என்றார் அவர். "நம்மளும் அதையே நினைச்சுக்கிட்டுத்தான கிடக்கோம்."

சில நாள் கழித்து ஒரு காலையில் தபால்காரர் தம் சீருடைகளை வாங்கிப்போக வந்தார். வருஷக்கணக்காக அங்கேதான் துணி போடுகிறவர். லாண்டரியம்மா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பொடிசு பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, அப்பா கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பட்டன் அக்கா தைக்க வேண்டிய பட்டன்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. கறுப்போடு கருநீலம் கலந்துதான் கிடந்தது. யாரும் திருத்தவில்லை.

தபால்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"சட்டை இருக்கு, கால்சட்டை இருக்கு. கைக்குட்டை மட்டும் போட்ட மாதிரியே கசங்கிக் கிடக்கே?"

"தேய்க்கலைங்க."

"பொண்ணுதானே தேய்ப்பா எப்பவும்? பள்ளிக்கூடத்துல பரீட்சையோ?"

தெருவுக்கே தெரிந்த செய்தி அவருக்கு மட்டும் தெரியாமல் போயிருந்தது, நீண்ட விடுப்பில் போயிருந்தார் மனுஷர். லாண்டரியம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாயைத் திறந்தாள். அவள் திணறுவதைப் பார்த்துவிட்டுப் பெஞ்சிலிருந்து பொடிசு முந்திக்கொண்டது.

"அக்கா நாளைக்கு வந்து தேய்ச்சு வச்சுடுவா, சார்."

"வர மாட்டா" என்றாள் லாண்டரியம்மா.

பொடிசு பட்டனை விட்டுவிட்டு நிமிர்ந்தது.

"என் பெரிய பொண்ணு செத்துப் போயிட்டா சார். இது அவ வேலை. இப்போ இத செய்ய வீட்டுல ஆள் இல்ல. தேய்க்காமத்தான் வாங்கிக்கணும்."

அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. தபால்காரர் மூட்டையைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் சுருங்கியது.

"எப்பம்மா?" என்றார்.

"ரொம்ப நாளாச்சுங்க" என்றாள்.

அவர் கைக்குட்டைகளைக் கசங்கியபடியே மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். லாண்டரியம்மா அடுத்த சட்டையை விரித்தாள். அப்போதுதான் பெஞ்சில் பொடிசின் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், மூக்கொழுக அழுதுகொண்டிருந்தாள் பிள்ளை. சுட்ட அன்று வலியில் கத்தினாள், அது வேறு. அக்கா போன நாளிலிருந்து அவள் ஒருமுறையும் அழுததில்லை என்பது அம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"என்னடி, காலு வலிக்குதா?"

"இல்லம்மா" என்றாள் பொடிசு. "அக்கா."

லாண்டரியம்மா பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.